ஏறுதலும் சுற்றுதலும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாகும். கும்மிடிப்பூண்டியில் 'சிப்காட்' தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றிற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. அவ்வேரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அங்கிருந்து எழும் ஏவூர்திகளை நம் பக்கத்து மக்கள் தத்தம் வீட்டு மாடிகளில் நின்றே காண்கின்றனர். ஏவும் நாளன்று கடலுக்குச் செல்லலாகாது என்று பழவேற்காட்டு மீனவர்க்கு அறிவிப்பு வரும். படகுகள் கரையிலேயே கிடக்கும்.

பணியினின்றும் ஓய்வு பெற்றபின் யான் பொன்னேரியை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்து வருகின்றேன். எதிர்வீட்டுச் சிறுவன் ஒன்பதாம் வகுப்பில் பயின்றுவந்தான். அவன் தந்தையார் கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் தொழில் புரிபவர். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அவன் செய்தித்தாளைக் கையில் ஏந்தியவனாய் என் திண்ணைக்கு வந்தான்.

"ஐயா, ஆகஸ்டு மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டு எடுத்துச் சென்றவை விழுந்துவிட்டன, அது தோல்வி என்று எழுதினார்கள். இப்போது நவம்பரில் போன ராக்கெட்டும் ஐந்தே நிமிடத்தில் கடலில் விழுந்துவிட்டது. இது வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் விழுந்தவைதாமே? ஒன்று தோல்வி, மற்றொன்று வெற்றி என்பது எப்படி?" என்று வினவினான்.

வினா மிக நன்று. யான் தமிழ் பயிற்றியவனேயன்றிப் பௌதிகம் பயிற்றியவன் அல்லேன். ஆயினும் வினவிய மாணவனை விடையின்றித் திருப்பி அனுப்புதல் ஆசிரியனுக்கு அழகன்று. "நாளை வா, தம்பி" என்று சொல்லி, உரிய நூல்களைத் தேடிப் படித்தேன். அவனுக்கு அடுத்த சில நாள்களில் எடுத்துரைத்தவற்றையே மாணவர்களாகிய உங்கட்கும் இங்கு எழுதுகின்றேன்.

முதற்கண் அவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அறிதல் வேண்டும். 2022 நவம்பர் 18ஆம் நாள் சென்றது 'விக்ரம்-எஸ்' என்பது. நம் நாட்டில் தனியார் நிறுவனம் ஒன்று ஆக்கி விண்ணை நோக்கி ஏவிய முதல் ஏவூர்தி அதுவே. அது 89.5 கிலோமீட்டர் உயரம் சென்று, ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. அவ்வாறு ஏறி, அவ்வாறு வீழ்வதற்கே அது செய்யப்பட்டது; ஆதலின் அது வெற்றி. அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் சென்ற 'எஸ்.எஸ்.எல்.வி.' என்னும் சிறு ஏவூர்தியோ, இரு செயற்கைக்கோள்களை வீழாத வண்ணம் பூமியைச் சுற்றும் பாதையில் விடுதற்கு எழுந்தது. அவை வீழ்ந்தன, ஆதலின் அது தோல்வி.

இவ்விருவகைச் செலவுகளுள் பின்னதைச் சுற்றுப்பாதைச் செலவு என்பர். முன்னதைத் 'துணைச் சுற்றுப்பாதை' என்று இக்காலத்தார் எழுதுகின்றனர். துணை என்னும் சொல் நம் மொழியில் உடன்வருவதையும் உதவுவதையுமே பெரிதும் குறிக்கும். அச்செலவோ சுற்றுப்பாதைக்கு உடன்வருவதும் அன்று, உதவுவதும் அன்று. அதனை எட்டாமல் நிற்பது. எனவே 'சுற்றுப்பாதை எட்டாச் செலவு' என்றே யான் வழங்குவேன். பெயர் பொருளைக் காட்டுதல் வேண்டுமன்றோ?

இனி, இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? "உயரந்தான்" என்று சிறுவன் விரைந்து கூறினான். பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். குறைந்த உயரம் சென்றது விழும், மிக்க உயரம் சென்றது விழாது என்பது அவர் கருத்து. இது பிழை. நம் நாட்டு ஆய்வு ஏவூர்திகளுள் 'ரோகிணி 560' என்பது ஒன்று. வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராய்தற்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்படும். 2021 மார்ச்சு 12ஆம் நாளும் அவ்வாறு ஏவப்பட்டது. அவ்வகை ஏவூர்தி 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை எட்டும் ஆற்றல் உடையது. பன்னாட்டு விண்வெளி நிலையமோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது. தாழச் சுற்றும் நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் மாந்தரைத் தாங்கி நிற்க, அதனினும் உயரத்தை எட்டவல்ல ஆய்வு ஏவூர்தி சில நிமிடங்களில் கடலுக்குத் திரும்பிவிடுகின்றது. வேறுபாடு உயரத்தில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றுஞ் சிலர், விண்ணில் பூமியின் ஈர்ப்பு இல்லை. அதனால்தான் செயற்கைக்கோள் விழுவதில்லை என்பர். இதுவும் பிழையே. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரைமேல் உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இருக்கின்றது. அவ்வுயரத்திற்கு ஓர் ஏணி அமைத்து, அதன் உச்சியில் நின்று ஒரு கல்லைக் கைவிட்டால், அது நேரே கீழே விழும்.

அப்படியாயின் விழாமைக்குக் காரணம் யாது? சிறுவனைப் பழவேற்காட்டுக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தபோது ஒரு சிறு கல்லை எடுத்துக் கொடுத்து, கிழக்கு நோக்கி எறியச் சொன்னேன். அது சிறிது தொலைவு சென்று நீரில் விழுந்தது. இன்னும் வன்மையாக எறியச் சொன்னேன். இன்னுஞ் சிறிது தொலைவில் விழுந்தது. கல் கையை விட்ட அக்கணமே விழத் தொடங்கிவிடுகின்றது. விசை மிகுந்தால் வீழ்ச்சி நிற்பதில்லை. வீழ்வதற்குள் செல்லும் தொலைவே மிகுகின்றது.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் நியூட்டன் இவ்வெறிதலை எண்ணத்தில் நீட்டிப் பார்த்தார். வானளாவிய மலை ஒன்றன் உச்சியில் பீரங்கி ஒன்றை வைத்துக் கிடையாகச் சுடுவதாகக் கொள்க. குண்டின் வேகத்தை மேன்மேலும் கூட்டினால், அது மேன்மேலும் தொலைவில் சென்று விழும். ஆனால் பூமி தட்டையானது அன்று, உருண்டை. குண்டு செல்லச் செல்ல, அதன் அடியிலுள்ள தரையும் வளைந்து கீழே இறங்குகின்றது. எவ்வளவு இறங்குகின்றது? 8 கிலோமீட்டர் தொலைவிற்கு ஏறத்தாழ 5 மீட்டர். கைவிட்ட பொருளொன்று முதல் ஒரு விநாடியில் எவ்வளவு விழுகின்றது? அதுவும் ஏறத்தாழ 5 மீட்டரே. இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பொருள் ஒரு விநாடிக்கு 8 கிலோமீட்டர் வீதம் பக்கவாட்டில் ஓடுமாயின், அது 5 மீட்டர் விழும்போது தரையும் 5 மீட்டர் விலகிவிடும். விழுந்துகொண்டே இருக்கும், ஆயினும் தரையை எட்டாது. விழுகின்ற அளவிற்குத் தரை வளைந்துகொடுப்பதால், விழுதலே சுற்றுதல் ஆகிவிடுகின்றது.

இதனைக் கேட்ட சிறுவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால் அதில் இருப்பவர்கள் மிதப்பதும் இதனால்தானா?" என்று கேட்டான். ஆம், கலமும் அதனுள் இருப்பவரும் ஒருங்கே விழுந்துகொண்டிருப்பதால், ஒருவரை ஒன்று தாங்குவதில்லை. சுற்றுப்பாதை எட்டாச் செலவிலும் பொறிகள் நின்றபின் இம்மிதப்பு உண்டு; ஆனால் அது சில நிமிடங்களே நீடிக்கும். 1961ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அமெரிக்கர் ஆலன் செப்பர்டு 187 கிலோமீட்டர் உயரம் ஏறிப் பதினைந்து நிமிடங்களில் கடலில் இறங்கினார்; அவர் துய்த்தது அச்சிறு மிதப்பே. அவருக்கு முன்னரே, ஏப்பிரல் 12ஆம் நாள், உருசிய நாட்டு யூரி ககாரின் பூமியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டார். நம் நாட்டு இராகேஷ் சர்மா 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ எட்டு நாள்கள் சுற்றினார்.

ஒரு விநாடிக்கு 8 கிலோமீட்டர் என்பதைச் சொல்லுதல் எளிது, உணர்தல் அரிது. சென்னை நடுவண் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்தொடர்வண்டி ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடி வந்து சேரும். அத்தொலைவை அவ்வேகத்தில் ஆறு அல்லது ஏழு விநாடிகளில் கடந்துவிடலாம். செங்குத்தாக 100 கிலோமீட்டர் உயரம் ஏறித் திரும்புவதற்கு விநாடிக்கு 1.4 கிலோமீட்டர் வேகம் ஏறக்குறையப் போதும். சுற்றுவதற்கு வேண்டுவது அதனைப்போல் ஐந்தரை மடங்கிற்கு மேல். இயங்கும் பொருளின் ஆற்றலோ வேகத்தின் இருமடியாகப் பெருகுவது. ஆகவே ஒரு கிலோ எடையை 100 கிலோமீட்டர் உயர்த்துவதற்கு ஒரு பங்கு ஆற்றல் ஆகுமாயின், அதனைச் சுற்றுப்பாதையில் ஓடவைப்பதற்கு ஏறத்தாழ முப்பது பங்கு ஆகும். காற்றின் தடையும், ஏறும்போது நேரும் இழப்புகளும் இக்கணக்கிற்குப் புறம்பானவை.

இதனால்தான் நம் நாட்டு விண்வெளி முயற்சியில் ஏறுதற்கும் சுற்றுதற்கும் இடையே நெடுங்காலம் சென்றது. கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது 1963 நவம்பர் 21ஆம் நாள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி எழுந்தது 1971 அக்டோபர் 9ஆம் நாள். ஆயினும், நம் ஏவூர்தி ஒன்று ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது 1980 சூலை 18ஆம் நாளில்தான். அச்செயற்கைக்கோளின் எடை 35 கிலோ. நம் ஊர்ச் சிறுவன் ஒருவனது எடையே ஆகும். அதனை வீழாது ஓடவைக்கப் பதினேழு ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதற்கு முந்திய ஆண்டில் அவ்வேவூர்தியின் முதல் முயற்சி கடலில் முடிந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

ஸ்ரீஹரிகோட்டா ஏன் கிழக்குக் கடற்கரையில் அமைந்தது என்பதும் இக்கணக்கோடு தொடர்புடையது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. அச்சுழற்சியால் நம் பக்கத்துத் தரை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வீதம் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கின்றது. கிழக்கு நோக்கி ஏவினால் அவ்வேகம் விலையின்றிக் கிடைக்கும். பயன்முடிந்து கழலும் பகுதிகள் விழுவதற்குக் கடலும் உண்டு. படகைக் கரையில் நிறுத்திக் காத்திருக்கும் மீனவரின் ஒரு நாள் உழைப்பும் இதில் அடங்கியுள்ளது. அதனை நாம் மறத்தலாகாது.

ஏறுதலின் வேறுபாட்டைக் கண்டோம். திரும்பி இறங்குதலில் வேறுபாடு இன்னும் கடுமையானது. நம் மாவட்டத்து எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு 2014ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் ஒரு விந்தையான பொருள் வந்திறங்கியது. பெரிய மணியைக் கவிழ்த்தாற்போன்ற வடிவினதாய், வெப்பத்தால் கருகிய அடிப்பகுதியை உடையதாய் இருந்த அது, 'கேர்' என்னும் கலமாகும். மாந்தர் விண்ணிற்குச் சென்று திரும்புங்கால் அமரத்தக்க கூட்டின் மாதிரி அது. எடை மூன்றரை டன்னுக்கும் மேல். திசம்பர் 18ஆம் நாள் காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பெரிய ஏவூர்தி அதனை 126 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. அங்கிருந்து இறங்கி, வான்குடைகள் விரிய, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் அந்தமான் பக்கத்துக் கடலில் அது மிதந்தது. கடலோரக் காவற்படையினர் அதனை மீட்டுக் கொணர்ந்தனர்.

அக்கலம் ஏன் சுற்றவில்லை? அவ்வேவூர்தியின் மேல்நிலையில் இருக்கவேண்டிய குளிர்விசைப் பொறி அப்போது ஆயத்தமாகவில்லை. அதன் இடத்தில் எரியாத மாதிரி ஒன்றையே வைத்தனர். கீழ்ப்பொறிகள் மட்டும் எரிந்தமையால் கலத்தின் வேகம் விநாடிக்கு 5.3 கிலோமீட்டர் அளவில் நின்றது. வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆயிற்றே என்று தோன்றலாம். ஆற்றலில் அது பாதிக்கும் குறைவு. 2017 சூன் 5ஆம் நாள் அதே ஏவூர்தியில் மெய்யான குளிர்விசைப் பொறியை வைத்து எரித்தனர். மூன்று டன்னுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை அடைந்தது.

இதற்கு முன்னரே, 2007ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், 550 கிலோ எடையுள்ள மற்றொரு கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்று, மெய்யாகவே சுற்றுப்பாதையில் பன்னிரண்டு நாள்கள் சுற்றியது. அது சனவரி 22ஆம் நாள் வங்கக் கடலில் இறக்கி மீட்கப்பட்டது. சுற்றுகின்ற பொருள் தானாக இறங்காது. அதன் ஓட்டத்தைச் சிறு பொறியால் சற்றே தடுத்தல் வேண்டும். தடுத்தவுடன் அது வளிமண்டலத்துள் புகும். புகும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஏற்றும்போது முப்பது பங்காக ஊட்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வெப்பமாய் மாறுகின்றது. கும்மிடிப்பூண்டி உலைகளில் இரும்பு உருகும் வெப்பத்தை உங்களுட் சிலர் அறிந்திருப்பீர்கள். அத்தகைய வெப்பத்தைத் தாங்குமாறு, மணற்பொருளாகிய சிலிக்காவினால் செய்த ஓடுகளை அக்கலத்தின்மேற் பதித்திருந்தனர். கேர் கலம் பட்ட வெப்பமும் சிறிதன்று. எனினும் சுற்றி இறங்குவது அதனினும் பெருஞ்சோதனை.

இப்போது சிறுவன் கேட்ட தோல்விக்கு வருவோம். 2022 ஆகஸ்டு 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்த சிறு ஏவூர்தி இரு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் சிறியது 'ஆசாதிசாட்' என்பது. எடை எட்டுக் கிலோ. நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதன் உறுப்புகளை ஆக்கியிருந்தனர்; அவருட் பெரும்பாலார் அரசுப் பள்ளிகளில் பயில்வோர். சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்னும் அமைப்பு அவர்களை ஒருங்கு திரட்டியது. அம்மாணவியரிற் பலர் அன்று ஸ்ரீஹரிகோட்டாவிற்கே வந்து, தம் கையாற் செய்த பொருள் விண்ணில் எழுவதைக் கண்டனர். மூன்று நிலைகளும் எரிந்தன. பின்னர்ச் செய்தி வருவது தடைப்பட்டது.

நிகழ்ந்தது இது: இரண்டாம் நிலை கழலும் கணத்தில் ஓர் அதிர்வு எழுந்தது. அது விரைவுமாற்றத்தை அளக்கும் கருவிகளைச் சிறிது பொழுது திணறச் செய்தது. அவை பழுதுற்றன என்று ஏவூர்தியின் கணிப்பொறி முடிவு செய்துவிட்டது. மெய்யாக அவை பழுதுறவில்லை. அம்முடிவின் பயனாக, இறுதியில் வேகத்தைச் சீர்செய்தற்கு இருந்த சிறு பொறி எரியாமலே நின்றது. செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றியிருத்தல் வேண்டும். உயரத்தில் குறைவில்லை, 356 கிலோமீட்டரை அவை எட்டியே விட்டன. குறைந்தது பக்கவாட்டு வேகம். அக்குறையும் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியதே! அவ்வளவிற்கே, ஒருபுறம் 356 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த பாதை மறுபுறம் 76 கிலோமீட்டருக்குத் தாழ்ந்தது. அங்கே காற்று உண்டு. விண்கலத்தின் வேகத்திற்குக் காற்று ஒரு சுவர் போன்றது. சுற்றவேண்டிய இரண்டும் வளிமண்டலத்துள் புகுந்து அழிந்தன.

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எடுத்தும் தேறவில்லையா?" என்றான் சிறுவன். அவனுக்கு அம்மாணவியரை எண்ணி வருத்தம். எனக்கும் வருத்தமே. உயரம் ஒரு படி குறைந்தால் ஒரு படி குறைந்த பயன் கிடைக்கும். விக்ரம்-எஸ் 100 கிலோமீட்டர் எல்லையைத் தொடாவிடினும் அதன் பயன் கெடவில்லை. விண்வெளியின் எல்லை அது என்று பலர் கொள்வர். அமெரிக்கரோ 80 கிலோமீட்டர் என்பர். அவ்வேவூர்தியிலும் அதே சென்னை அமைப்பின் சிறு கருவியொன்று சென்று தன் ஐந்து நிமிட வேலையைச் செய்தது. சுற்றுப்பாதையிலோ அத்தகைய சலுகை இல்லை. வேண்டிய வேகம் இருந்தால் அடுத்த சுற்று உண்டு, இல்லையேல் இல்லை.

அறிஞர்கள் தவற்றின் காரணத்தை ஆராய்ந்தனர். இரண்டாம் நிலை கழலும் அமைப்பை மாற்றினர். கருவிகளின் பழுதைக் கணிக்கும் முறையையும் திருத்தினர். மாணவியரின் இரண்டாம் செயற்கைக்கோள் ஆயத்தமாயிற்று. 2023 பிப்பிரவரி 10ஆம் நாள் காலை அதே வகை ஏவூர்தி அதனையும் வேறு இரண்டனையும் ஏந்தி எழுந்தது. ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் மூன்றும் 450 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையை அடைந்தன.

அன்று மாலை சிறுவன் பள்ளியிலிருந்து நேரே என் திண்ணைக்கு வந்தான். "இது எப்போதும் விழாதா, ஐயா?" என்றான். அவ்வுயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது ஓட்டத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். சில ஆண்டுகளில் இறங்கிவிடும் என்றேன். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டான். தொண்ணூற்று மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் என்றேன். புத்தகப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்து, "நாளுக்குப் பதினைந்து முறை, கொஞ்சம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, அம்மிச்சத்தையும் கணக்கிடத் தொடங்கினான்.